டோசிடாக்செல்: இப்போதே போடுவதா, பிறகு பார்ப்பதா, மாத்திரையோடு சேர்ப்பதா?

புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேன் சொன்ன பிறகு வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். "இந்த வயதில் கீமோவெல்லாம் தாங்காது, மாத்திரை போதும்" என்பது ஒரு கட்சி. "இருப்பதிலேயே வலுவான மருந்தைப் போட்டுவிடலாம்" என்பது இன்னொரு கட்சி. நடுவில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் பெரும்பாலும் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

என் பார்வையில், "கீமோவா மாத்திரையா" என்ற கேள்வியே பழையதாகிவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு அது சரியான கேள்வி. இன்று பரவிய நிலையில் புதிதாகக் கண்டறியப்பட்ட ஒருவர் முடிவு செய்யவேண்டியது வேறு: ஹார்மோன் சிகிச்சையோடு, ஹார்மோன் வழியை இன்னும் இறுக்கமாக அடைக்கும் மாத்திரை மட்டும் போதுமா, அல்லது அந்த இரண்டோடு டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தையும் சேர்க்கவேண்டுமா? அதற்கான பதில், நோய் உடலில் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது, எப்படி வந்தது, உடம்பு எவ்வளவு தாங்கும் என்ற மூன்றையும் பார்த்தால்தான் கிடைக்கும். வயது அந்தப் பட்டியலில் நான்காவதாகத்தான் வரும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கீமோ தொடங்கினால் ஹார்மோன் ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நிறுத்தமாட்டார்கள். டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்து வைப்பதுதான் இந்த நோய்க்கான சிகிச்சையின் அடித்தளம். ஊசி மூலமாகவோ விரையை அகற்றும் அறுவை மூலமாகவோ அது தொடர்ந்துகொண்டே இருக்கும். கீழே பேசப்போகும் எல்லா வழிகளும் அதன் மேல் கூடுதலாகச் சேர்ப்பவை.

டோசிடாக்செல் ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் கிடைக்கும் ஒரு பொருளை ஆய்வுக்கூடத்தில் மாற்றியமைத்து உருவாக்கிய மருந்து. செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள் நுண்குழல்கள் கட்டப்பட்டு, வேலை முடிந்ததும் கலைக்கப்படவேண்டும். இந்த மருந்து அவற்றைக் கலையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பிரிய முடியாத செல் செத்துப்போகிறது. பக்கவிளைவுகளின் காரணமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. எலும்பு மஜ்ஜையும் முடியின் வேரும் வேகமாகப் பிரியும் செல்களால் ஆனவை, ஆகவே அடி வாங்குகின்றன. நரம்புச் செல்கள் பிரிவதில்லை. ஆனால் முதுகுத்தண்டிலிருந்து விரல்நுனி வரை சரக்கு கொண்டுபோக அவை இதே நுண்குழல்களைத்தான் தண்டவாளமாகப் பயன்படுத்துகின்றன. விரலும் பாதமும் மரத்துப்போவது அதனால்தான்.

கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கு

2004-க்கு முன்னால், ஹார்மோன் சிகிச்சைக்கு அடங்காத புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுத்த கீமோ மருந்து மைட்டோக்சாண்ட்ரோன். வலியைக் குறைத்தது, ஆயுளைக் கூட்டவில்லை. அந்த ஆண்டு வெளியான டாக்ஸ் 327 ஆய்வு 1006 பேரிடம் இரண்டு மருந்துகளையும் ஒப்பிட்டது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டோசிடாக்செல் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 18.9 மாதம், மைட்டோக்சாண்ட்ரோன் பெற்றவர்களுக்கு 16.5 மாதம். வலி குறைந்தவர்கள் 35 சதவீதம், எதிர்ப்பக்கம் 22 சதவீதம்.

"இரண்டரை மாதத்துக்காகவா இவ்வளவு பாடு?" என்று இந்த எண்ணைப் பார்த்துப் பலர் கேட்டார்கள், கேட்டதில் நியாயமும் உண்டு. கீமோ என்றாலே கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்ற மனப்பான்மை வேரூன்ற இந்த எண்ணும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2015-இல் அதே மருந்தை, அதே அளவில், நோய் ஹார்மோனுக்குக் கட்டுப்படும் ஆரம்பக் கட்டத்திலேயே கொடுத்துப் பார்த்த சார்ட்டட் ஆய்வின் முடிவு வந்தது. 790 பேர். ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு இடைநிலை ஆயுள் 44 மாதம். ஆறு சுற்று டோசிடாக்செல் சேர்த்தவர்களுக்கு 57.6 மாதம். கடைசிக் கட்டத்தில் இரண்டரை மாதம் கொடுத்த மருந்து, முன்னால் கொடுத்தபோது பதின்மூன்று மாதத்துக்கு மேல் கொடுத்தது. பிரிட்டனில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வும் அதே திசையையே காட்டியது.

சார்ட்டட் இன்னொரு கோட்டையும் போட்டது. கல்லீரல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளுக்குப் பரவியிருந்தாலோ, எலும்பில் நான்கு இடங்களிலோ அதற்கு மேலோ பரவி, அதில் ஒன்றாவது முதுகெலும்பு, இடுப்பெலும்பு தாண்டி விலா, தொடை என்று வெளியே இருந்தாலோ அதை "அதிக அளவு நோய்" என்று பிரித்தார்கள். சரியாக நான்கு இடங்கள் இருந்தாலே இந்தக் கணக்கில் சேரும். மருந்தின் பலன் பெரும்பாலும் இவர்களிடம்தான் தெரிந்தது: 32.2 மாதத்திலிருந்து 49.2 மாதம். குறைந்த அளவு நோய் உள்ளவர்களிடம் நீண்டகாலக் கண்காணிப்பிலும் தெளிவான லாபம் தெரியவில்லை. ஆகவே மருத்துவரிடம் போகும்போது ஸ்கேன் அறிக்கையில் "பல இடங்களில்" என்று எழுதியிருப்பதோடு விட்டுவிடாதீர்கள். எத்தனை இடம், எந்தெந்த எலும்பு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிவின் பாதி அந்தத் தாளில் இருக்கிறது.

மாத்திரைகள் வந்த பிறகு

கீமோவின் இந்த வெற்றிக்கு இரண்டே ஆண்டில் போட்டி வந்துவிட்டது. 2017-இல் வெளியான லேட்டிட்யூட் ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 1199 பேரிடம் ஹார்மோன் சிகிச்சையோடு அபிராடெரோன் மாத்திரையையும் சிறிதளவு பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்தார்கள். இறுதிக் கணக்கில் இடைநிலை ஆயுள் 53.3 மாதம்; சேர்க்காதவர்களுக்கு 36.5. அடுத்தடுத்து என்சாலுடமைட், அபலுடமைட் ஆகிய மாத்திரைகளும் ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணமாயின.

எது சிறந்தது என்று நேருக்கு நேர் பார்த்த ஒப்பீடு அரிது. ஸ்டாம்பீட் ஆய்வு பல சிகிச்சைகளை ஒரே குடையின் கீழ் நடத்தியதால், ஒரே காலத்தில் டோசிடாக்செல்லுக்கும் அபிராடெரோனுக்கும் குலுக்கலில் பிரிந்த 566 பேரை 2018-இல் ஒப்பிட முடிந்தது. நோய் மீண்டும் தலைதூக்காமல் தள்ளிப்போட்டதில் அபிராடெரோன் முந்தியது. மொத்த ஆயுளில் இரண்டுக்கும் நிரூபிக்கத்தக்க வித்தியாசம் இல்லை. முதலில் டோசிடாக்செல் எடுத்தவர்கள் பின்னர் மாத்திரைக்கும், மாத்திரை எடுத்தவர்கள் பின்னர் கீமோவுக்கும் போக வழியிருந்ததையும் சேர்த்துத்தான் இதைப் படிக்கவேண்டும்.

பிறகு 2022-இல் இரண்டையும் சேர்த்தே கொடுத்த முடிவுகள் வந்தன. பீஸ்-1 ஆய்வில், ஹார்மோன் சிகிச்சையும் டோசிடாக்செல்லும் பெற்ற அதிக அளவு நோயாளிகளிடம் அபிராடெரோனைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 3.5 ஆண்டிலிருந்து 5.1 ஆண்டானது. 1306 பேரிடம் நடந்த அராசென்ஸ் ஆய்வில் டாரோலுடமைட் மாத்திரையைச் சேர்த்தார்கள்; நான்காண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 62.7 சதவீதம், சேர்க்காதவர்களில் 50.4.

இந்த எண்களைக் காட்டி "மூன்றும் சேர்ந்தால்தான் சிறந்தது" என்று சொல்பவர்கள் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த இரண்டு ஆய்வுகளும் கேட்ட கேள்வி, டோசிடாக்செல் எடுப்பவருக்கு மாத்திரையும் வேண்டுமா என்பது. பதில்: வேண்டும். ஆனால் மாத்திரை எடுப்பவருக்கு டோசிடாக்செல்லும் வேண்டுமா என்று அவை கேட்கவில்லை. அந்தப் பக்கம் முடிவெடுக்கும்போது மருத்துவர் நேரடி நிரூபணத்தை வைத்துப் பேசவில்லை. நோயின் வேகத்தையும் தன் அனுபவத்தையும் வைத்துக் கணிக்கிறார்.

அப்படியானால் யாருக்கு எது?

மாத்திரை கிடைக்கும் நிலையில் ஹார்மோன் சிகிச்சையோடு டோசிடாக்செல்லை மட்டும் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆய்வுகள் சொல்லும் ஒரே உறுதியான விஷயம் அதுதான்: அந்த இருவர் கூட்டணி மூவர் கூட்டணியிடம் தோற்றுவிட்டது. பல ஆண்டு மாத்திரைச் செலவு தாங்காதவருக்கும், வேறு நோய்களால் இந்த மாத்திரைகள் எதுவும் ஒத்துவராதவருக்கும் மட்டும் அது இன்னும் மதிப்புள்ள வழி. ஆறு சுற்று, ஏறக்குறைய பதினெட்டு வாரம், அதோடு முடிந்தது. விலை குறைந்த பொதுப்பெயர் மருந்தாகவும் கிடைக்கிறது. இதைக் கேவலமாக நினைக்க ஒன்றுமில்லை. ஆறே சுற்றில் ஓராண்டுக்கு மேல் ஆயுளைக் கூட்டிய மருந்து.

குறைந்த அளவு நோய் உள்ளவருக்கு, குறிப்பாகப் பல ஆண்டுகளுக்கு முன் அறுவையோ கதிர்வீச்சோ செய்து இப்போது ஓரிரு எலும்பில் திரும்பி வந்திருப்பவருக்கு, மாத்திரை மட்டுமே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கீமோவை இங்கே நுழைத்தால் சிரமம் முழுதாகக் கிடைக்கும், லாபம் கிடைக்குமா என்பது தெரியாது. முதல் தடவையிலேயே பரவிய நிலையில், ஆனால் குறைந்த அளவில் கண்டறியப்பட்டவர் கீமோவைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சு தரலாமா என்று. ஸ்டாம்பீட்டில் இத்தகையவர்களிடம் மூன்றாண்டு உயிர்வாழ்வு 73-லிருந்து 81 சதவீதமாக உயர்ந்தது.

மூன்றும் சேர்ந்த சிகிச்சைக்கு என் வாக்கு யாருக்கு என்றால், முதல் நாளிலேயே அதிக அளவில் பரவியிருந்து, நடந்து தானே வேலைகளைச் செய்துகொள்ளும் உடல்நிலையில் இருப்பவருக்கு. கல்லீரலில் கட்டி இருந்தால் இந்த வாக்கு இன்னும் உறுதியாகும். நோய் உடலெங்கும் இருந்தும் பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்கும், ரத்தத்தில் அளக்கப்படும் புரதம்) மட்டும் ஆச்சரியமாகக் குறைவாக இருப்பவரையும் இதில் சேர்ப்பேன். பிஎஸ்ஏ குறைவு என்று குடும்பம் நிம்மதியடையும். ஆனால் டெஸ்டோஸ்டிரோனைச் சார்ந்திராத முரட்டுச் செல்கள்தான் பிஎஸ்ஏ குறைவாகச் சுரக்கும், ஹார்மோன் வழிச் சிகிச்சைக்கு அவை அவ்வளவாக அடங்குவதில்லை.

"முதலில் மாத்திரை, கீமோவைப் பிறகுக்கு வைத்துக்கொள்ளலாம்" என்ற வாதம் கேட்பதற்கு நன்றாக இருக்கும். பலருக்கு அது சரியும்கூட. ஆனால் அதிக அளவு நோய் உள்ளவரிடம் "பிறகு" என்ற காலம் வரும்போது உடல்நிலை அதற்கு இடம்கொடுக்காமல் போவதுண்டு. முதல் மாத்திரை தோற்கும் நேரத்தில் எடை குறைந்து, ரத்தசோகை வந்து, படுக்கையோடு ஒட்டிவிட்டவருக்கு டோசிடாக்செல் கொடுப்பது யாருக்கும் சுலபமில்லை.

எதிர்ப்பக்கமும் சொல்லவேண்டும். ரத்தத்தில் பிலிரூபின் (கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி) இயல்பு அளவைத் தாண்டியிருந்தால் டோசிடாக்செல் கூடாது; கல்லீரல்தான் அதை உடலிலிருந்து வெளியேற்றுகிறது, வெளியேறாத மருந்து ரத்த அணுக்களைத் தீர்த்துவிடும். நீண்டகால நீரிழிவால் ஏற்கெனவே பாதம் மரத்திருப்பவருக்கு இது நடையையே பாதிக்கலாம். பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகள், சில ஆன்டிபயாடிக்குகள் ஆகியவை கல்லீரலில் இதன் சிதைவைத் தடுப்பதால், எடுத்துவரும் எல்லா மருந்தையும் மருத்துவரிடம் காட்டவேண்டும், கைவைத்தியப் பொடிகள் உட்பட.

மூன்று வாரம் எப்படிப் போகும்

டிரிப் ஏறுவது ஒரு மணி நேரம்தான். அதற்கு 12 மணி நேரம், 3 மணி நேரம், 1 மணி நேரம் முன்பு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு எடுப்பது வழக்கமான முறை. ஒவ்வாமையையும் நீர்கோத்தலையும் தடுக்க. மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவத்துக்கே சிலர் உடம்பு சீறும்: முதல் சில நிமிடங்களில் முகம் சிவந்து, முதுகில் சுரீரென்று வலித்து, நெஞ்சு இறுகும். அப்போது பொறுத்துக்கொண்டு உட்காராமல் உடனே செவிலியரை அழைக்கவேண்டும். நிறுத்தி, மருந்து கொடுத்து, பெரும்பாலும் மெதுவாக மீண்டும் தொடங்கிவிடுவார்கள்.

முதல் இரண்டு நாள் ஸ்டீராய்டின் தெம்பில் தூக்கம் வராது; "கீமோ ஒன்றுமே செய்யவில்லையே" என்று தோன்றும். மூன்றாம் நாளுக்கு மேல் களைப்பு வந்து அழுத்தும். நாக்கில் உலோகச் சுவை ஏறி, பிடித்த சாப்பாடுகூடப் பிடிக்காமல் போகும். எட்டாம் நாளை ஒட்டி வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அந்த வாரத்தில் உடல்வெப்பம் 38 டிகிரி செல்சியஸ் ஆனால் அது நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போகவேண்டிய விஷயம். பலர் செய்யும் தவறு, உடம்பு சுடுகிறது என்றதும் பாரசிட்டமாலைப் போட்டுவிட்டு அரைமணி கழித்து வெப்பமானியை வைப்பது. முதலில் அளக்கவேண்டும், மாத்திரை காய்ச்சலை மறைக்கும், தொற்றைத் தடுக்காது. வயதானவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் மறுநாளோ அதற்குப் பிறகோ வெள்ளை அணுக்களை ஊக்குவிக்கும் ஊசி போடுவது இந்த ஆபத்தை நன்றாகக் குறைக்கும். அதைக் கேட்டு வாங்கலாம்.

இங்கே ஒரு சுவையான உண்மை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்து சில காலம் ஆன உடம்பு டோசிடாக்செல்லை வேகமாக வெளியேற்றுகிறது. அதனால் வெள்ளை அணுக்கள் அவ்வளவாகக் குறைவதில்லை. ஹார்மோன் ஊசி போட்ட அன்றே கீமோவுக்கும் அவசரப்படத் தேவையில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சார்ட்டட்டில் ஹார்மோன் சிகிச்சை தொடங்கி 120 நாள் வரை ஆனவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முடி உதிரும், பெரும்பாலும் திரும்ப வரும். நகம் கறுத்துத் தூக்கிக்கொள்ளும். டிரிப்பின்போது குளிர்ந்த கையுறை அணிவது அதைக் குறைக்கிறது. கண்ணில் காரணமில்லாமல் நீர் வழிந்தால், கண்ணீர்க் குழாய் சுருங்கத் தொடங்கியிருக்கலாம், சொல்லிவிடுங்கள். விரல் மரத்தலைத்தான் நான் மிகவும் கவனிக்கச் சொல்வேன். சட்டைப் பொத்தானைப் பார்க்காமல் போட முடிகிறதா, தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் சோதித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அடுத்த சுற்றுக்கு முன்பே மருந்தின் அளவைக் குறைப்பதைப் பற்றிப் பேசவேண்டும். ஆறையும் முடித்தே தீருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மறைப்பவர்கள் உண்டு. போன உணர்வு முழுதாகத் திரும்பும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மாத்திரையின் சிரமம் வேறு மாதிரி. ஒரே நாளில் அடிக்காது, பல ஆண்டுகள் கூடவே இருக்கும். அபிராடெரோன் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும், கல்லீரல் நொதிகளை உயர்த்தும். வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும், ஏனென்றால் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு பல மடங்கு ஏறிவிடும். என்சாலுடமைட் களைப்பையும் தடுமாறி விழும் அபாயத்தையும் கூட்டும். வலிப்பு வந்த வரலாறு உள்ளவருக்கு ஆகாது. அபலுடமைட்டில் தோல் தடிப்பு. டாரோலுடமைட் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை என்பதால் இந்த வகையில் சாதுவானது.

கீமோவைப் பற்றிய பயத்துக்கு ஒரு எதிர்ச்சான்று சார்ட்டட்டின் வாழ்க்கைத்தரக் கணக்கு. மூன்றாம் மாதத்தில் டோசிடாக்செல் எடுத்தவர்கள் மோசமாக உணர்ந்தார்கள். பன்னிரண்டாம் மாதத்தில் ஹார்மோன் சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

மாத்திரை தோற்ற பிறகு

டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் இருந்தும் நோய் வளர்கிறது என்றால் கட்டம் மாறிவிட்டது. அபிராடெரோன் தோற்றதும் என்சாலுடமைட்டுக்கு மாறலாம் என்ற ஆசை இயல்பானது, மாத்திரைதானே, சுலபம். ஆனால் ஒன்று தோற்ற இடத்தில் மற்றது அதிக நாள் நிற்பதில்லை. இதுவரை டோசிடாக்செல் எடுக்காதவராக இருந்தால், உடம்பு தாங்குமானால், அதற்கான நேரம் இதுதான். பிஆர்சிஏ (டிஎன்ஏவின் பழுதைச் சரிசெய்யும் மரபணு) மாற்றம் இருக்கிறதா என்ற பரிசோதனையை இதற்குள் முடித்திருக்கவேண்டும். இருந்தால் ஒலாபரிப் போன்ற மருந்துகளின் வாசல் திறக்கும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உடல் பரப்பளவின் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் என்பதே ஆயுளைக் கூட்டியதாக நிரூபணமான முறை. வாரா வாரம் சிறிய அளவில் கொடுத்தது டாக்ஸ் 327-இல் அந்த அளவுக்கு வேலை செய்யவில்லை. பலவீனமானவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் நல்ல சமரசம். 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில் வெள்ளை அணுக் குறைபாடு குறைவாகவே இருந்தது, பலனும் குறையவில்லை.

டோசிடாக்செல்லும் முடிந்தவருக்கு அதன் தம்பி கபாசிடாக்செல் இருக்கிறது. 2010-இல் வந்த ட்ராபிக் ஆய்வில் மைட்டோக்சாண்ட்ரோனின் 12.7 மாதத்துக்கு எதிராக 15.1 மாதம் கொடுத்தது. "புதியதுதானே, அதையே முதலில் போடலாமே" என்று கேட்பவர்களுக்கு ஃபர்ஸ்டானா ஆய்வு பதில் சொல்லிவிட்டது: முதல் கீமோவாகக் கொடுத்தால் டோசிடாக்செல்லைவிட ஆயுள் கூடவில்லை. முடி உதிர்வும் விரல் மரத்தலும் குறைவு. வயிற்றுப்போக்கும் வெள்ளை அணு வீழ்ச்சியும் அதிகம். 2019-இல் வந்த கார்ட் ஆய்வில், டோசிடாக்செல்லும் ஒரு மாத்திரையும் தோற்றவர்களிடம் கபாசிடாக்செல் இன்னொரு மாத்திரையைவிட ஆயுளைக் கூட்டியது: 13.6 மாதம், 11 மாதம். 25 மில்லிகிராமுக்குப் பதில் 20 கொடுத்தாலும் ஆயுள் கணிசமாகக் குறைவதில்லை என்று இன்னோர் ஆய்வு காட்டியிருப்பதால், 20-இல் தொடங்கலாமா என்று கேட்பது தவறில்லை.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆரம்பக் கட்டத்தில் ஆறு சுற்று. ஹார்மோனுக்கு அடங்காத கட்டத்தில் பத்து வரை போகலாம், பலன் இருக்கும்வரை, உடம்பு இடம்கொடுக்கும்வரை. முதல் சில வாரங்களில் பிஎஸ்ஏ இறங்குவதற்குப் பதில் ஏறினால் பதறி நிறுத்திவிடாதீர்கள். செல்கள் சாகும்போது சிலருக்கு அப்படி ஏறி, பிறகு இறங்கும். அதனால்தான் பன்னிரண்டு வாரத்துக்கு முன் பிஎஸ்ஏவை மட்டும் வைத்து மருந்து தோற்றது என்று முடிவு கட்டுவதில்லை. ஸ்கேனில் புதிய இடங்கள் தெரிந்து, வலியும் கூடிக்கொண்டே போனால் கதை வேறு. அப்போது மிச்சச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.